விருந்தாளி வந்த புதன்கிழமை

கண்ணாடிக் கடைத் துரையைப் போன வாரம் எந்த நிலையில் விட்டோம்? போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நீ கிளம்பி வாடி, நான் ஜம்முன்னு இருக்கேன்" என்று தங்கையிடம் தாராளமாக அளந்துகொண்டிருந்தான். அந்த வாய்க்குச் சோதனை வர அதிக நாள் ஆகவில்லை. புதன்கிழமை காலை ஆறு மணி. அவள் பஸ் வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. துரையின் வலது முழங்காலுக்குள் ஏதோ குறுகுறுத்தது.

இன்றுதான் படிக்க உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துரை என்பது அவன் பெயர் இல்லை. பிறந்ததிலிருந்தே அவனுக்கு ரத்தம் சட்டென்று உறையாது. டாக்டர்கள் ஹீமோஃபிலியா என்பார்கள். வெளியே வழிகிற ரத்தத்தைவிட அவனைப் படுத்துவது உள்ளே, மூட்டுக்குள், சத்தமில்லாமல் கசிகிற ரத்தம்தான். சின்ன வயதில் மாதத்தில் பாதி நாள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருப்பான். தண்ணீர், புத்தகம், சாப்பாடு எல்லாம் இருந்த இடத்துக்கே போகும். "துரைக்கு எல்லாம் நடந்து வரணும்!" என்று அத்தை ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். பெயர் ஒட்டிக்கொண்டது, முப்பத்து நாலு வயதிலும் துரைதான். அவன் கூடவே சுற்றிச் சுற்றி வந்த தங்கைக்கு வாலு என்று பெயர்.

அந்த வீட்டுக்கு மட்டுமே புரிகிற இரண்டு சொற்கள் உண்டு. பையனுக்கு ரத்தம் கசிகிறது என்று யார் காதில் விழுந்தாலும் "ஐயோ பாவம்" என்று கிளம்பி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அம்மா கண்டுபிடித்த வழி அது. புதிதாகக் கசிவு வந்தால் விருந்தாளி. பழைய கசிவுகளால் தேய்ந்துபோன மூட்டு சும்மா முனகினால் வாடகைக்காரர்.

வாடகைக்காரர் காலையில் விறைத்துக்கொள்வார், பத்தடி நடந்தால் அடங்குவார். வெந்நீர்ப் பை வைக்கலாம், டாக்டர் சொன்ன மாத்திரை ஒன்று போடலாம், காலை மெல்ல நீட்டி மடக்கலாம். விருந்தாளி அப்படியில்லை. முதலில் குறுகுறுப்பு, பிறகு கதகதப்பு, பிறகு வீக்கம். நடக்க நடக்க ஏறும். அவருக்கு உடனே ஊசி, ஐஸ், ஓய்வு. சூடு மட்டும் கூடவே கூடாது.

குறுகுறுப்பு என்றால் யார் என்பதில் துரைக்குச் சந்தேகமே இல்லை. மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அம்மா சமையலறையில் இருக்கிறாள். ஒரு குரல் கொடுத்தால் அரை மணியில் ஊசி ஏறிவிடும்.

குரல் கொடுக்கவில்லை, படுபாவி.

காரணம் இல்லாமல் இல்லை. வாலுக்கு மூன்று மாதம். அண்ணனுக்கு இருப்பது தன் ரத்தத்திலும் ஒளிந்திருக்கிறதா, பிள்ளைக்குப் போகுமா என்று பார்க்கச் சோதனைக்குக் கொடுத்திருந்தாள். "என்ன பண்றதுன்னு தெரியலண்ணா. உன்னை வந்து பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று போனில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம் நாலு நாளாக அவனைத் தூங்க விடவில்லை. இந்தக் காலைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பிள்ளை வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால், அது வயிற்றில் இருக்கிறதுக்கு மட்டும் சொன்னதாகுமா? நீயும் வந்திருக்க வேண்டாம் என்று தன்னிடமே சொன்ன மாதிரிதானே? அவனுக்கு அது தாங்கவில்லை.

நாலு மணிக்கு அவள் திரும்பிப் போகிற பஸ். பத்து மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் போதும், பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். அம்மாவுக்குத் தெரியாமல் தானே குத்திக்கொள்ளவும் வழியில்லை. வலது முழங்கை பல வருஷமாக முழுசாக நீளாது, இடது கையால் நரம்பு தேட அவனுக்கு வராது. அவன் உடம்பில் எந்த நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அம்மாதான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, இழுத்து நடக்கறே? யாரு?"

"வாடகைக்காரர்தாம்மா. காலங்கார்த்தால கத்தறார்."

அம்மா ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கேள்வி இது. ஒரு தடவைகூட அவன் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பினாள்.

"கொஞ்சம் நடந்து பாரு, சரியாயிடும்" என்று உள்ளே போய்விட்டாள்.

எட்டேகாலுக்கு வாலு வந்தாள். கையில் ஒரு பை, காலொடிந்து பிளாஸ்திரி சுற்றிய மூக்குக்கண்ணாடி, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அடேயப்பா! துரை வாசல் வரைக்கும் எழுந்தருளியிருக்காரே!"

"வாலு இல்லாம துரைக்கு என்ன மரியாதை? வா வா. என்னடி கண்ணாடி இது, ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டியா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் காலைப் பார்த்தாள். துரை அதற்காகவே தொளதொள பேன்ட் போட்டிருந்தான்.

"கால் எப்படி இருக்கு?"

"எனக்கே அது இருக்கறது மறந்து போச்சு. கிளம்பு, கடைக்குப் போவோம். இன்னைக்கு உனக்கு என் கையால கண்ணாடி."

கடை மூன்று தெரு தள்ளி. வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடின வாத்தியார் கதையைச் சொன்னான். அவள் பார்வை அவன் வாயிலேயே இருக்க வேண்டும், கீழே இறங்கக் கூடாது. இரண்டாவது தெரு முனையில் குறுகுறுப்பு கதகதப்பாகிவிட்டது. மூன்றாவது தெருவில் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது.

கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம். நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அவளை ஸ்டூலில் உட்கார வைத்துக் கண்மணிகளுக்கு நடுவே அளவெடுத்தான். லென்ஸில் நடுப்புள்ளி வைத்தான். தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்ணாடி விளிம்பைச் சக்கரத்தில் கொடுத்து, ஃபிரேமின் வளைவுக்குத் தேய்த்தான். உடம்பு பாரத்தை எல்லாம் இடது காலில் போட்டிருந்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

"இந்தா, போட்டுப் பாரு."

வாலு போட்டுக்கொண்டு எழுந்தாள். ஓரடி வைத்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, தரை என்ன இப்படிச் சாயுது?"

"புதுக் கண்ணாடி அப்படித்தான். ரெண்டு நாள்ல பழகிடும்."

வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிற வசனம் வாயில் தானாக வந்தது. ஆனால் முன்பக்கம் இருந்த கடை முதலாளிக்குக் காது கூர்மை. உள்ளே வந்தார். கண்ணாடியை வாங்கி அளவு பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"துரை, வலதுக்கு இடது, இடதுக்கு வலதுன்னு மாத்தித் தேய்ச்சிருக்கேப்பா."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் கையில் இப்படி ஒரு லென்ஸ் வீணானதில்லை.

"தங்கச்சியைப் பார்த்த சந்தோஷத்துல தலைகால் புரியல சார்" என்று துரை சிரித்தான்.

முதலாளியும் சிரித்தார். வாலு சிரிக்கவில்லை. பழைய பிளாஸ்திரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தான். "உனக்கு வெயில் ஆகாது" என்று அவள் தலையில் பழியைப் போட்டான்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் துரை சாய்வு நாற்காலியில் விழுந்தான். வாலு எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா ரப்பர்ப் பையோடு வந்தாள்.

"இவ்வளவு நடந்தும் அவர் அடங்கலையா? நீட்டு காலை."

வெந்நீர்ப் பை. அம்மா உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தாள். வாடகைக்காரருக்கு எப்போதும் செய்கிற வைத்தியம். இவன் சொன்ன சொல்லை நம்பி வந்தவள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அம்மா, இது விருந்தாளி என்று இரண்டு வார்த்தை போதும். வாலு ஆரஞ்சுச் சுளையை நீட்டியபடி இருந்தாள்.

"கொடும்மா" என்று காலை நீட்டிவிட்டான்.

பையை முழங்கால்மேல் பேன்ட்டோடு வைத்து, நழுவாமல் துண்டால் சுற்றிக் கட்டினாள் அம்மா. "இப்ப இதமா இருக்கும் பாரு" என்று அவன் கணுக்காலைத் தடவிக் கொடுத்தாள். உள்ளே ஒவ்வொரு துடிப்புக்கும் மூட்டு விரிந்தது. துரை ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு மெல்லாமல் வைத்திருந்தான். வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று பயம்.

"இதமா இருக்காடா?"

தலையை ஆட்டினான்.

இருபது நிமிஷம் அந்தப் பை அங்கேயே இருந்தது.

மூன்று மணிக்கு வாலு தன் பயணப் பையை எடுத்து வைத்தாள். "அண்ணா, பஸ் ஏத்திவிட வரியா?"

"வராம?" என்று துரை நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தான். உடம்பு எழுந்தது, கால் எழவில்லை. அப்படியே நாற்காலியில் விழுந்தான். வாயிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

வாலு பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பேன்ட்டை மேலே சுருட்டப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழேயே துணி நின்றுவிட்டது. அவ்வளவு தொளதொள பேன்ட், அதற்குமேல் ஏற இடமில்லை. துணிக்கு மேலேயே கையை வைத்தாள். கொதித்தது.

"அம்மா! இங்க வா!"

அம்மா வந்து குனிந்தாள். புறங்கையால் தொட்டாள். வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"எப்ப வந்துது?"

துரை பேன்ட் துணியைக் கீழே இழுத்துவிட்டான்.

"எப்படா வந்துது?"

"ஆறு மணிக்கு."

"காலையிலயா?"

"ம்."

அம்மா திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. நாற்காலிக்கு அடியில் கிடந்த வெந்நீர்ப் பையைப் பார்த்தாள்.

"நான் சூடு வெச்சேனேடா" என்றாள். "என் கையாலயே வெச்சேனே."

போய் மருந்தை எடுத்துவந்தாள். பொடியில் தண்ணீரைச் சேர்த்து, குப்பியைக் குலுக்காமல் இரு உள்ளங்கைக்கு நடுவே மெல்ல உருட்டினாள். ஆயிரம் தடவை செய்த வேலை. ரப்பர் பட்டையை வாலுதான் கட்டினாள். இன்று முதல் குத்தில் நரம்பு தப்பியது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியை எடுத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, இன்னொரு இடம் தேடினாள். இரண்டாவது குத்தில் கிடைத்தது. மருந்து மெல்ல மெல்ல ஏறி முடிகிற வரைக்கும் அவள் கண் குழாயை விட்டு நகரவில்லை. மகன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வாலு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டாள். சூடு வைத்ததைச் சொன்னபோது, எவ்வளவு நேரம் என்று இரண்டு தடவை கேட்டாள். "காலைத் தூக்கி வைங்க. ஐஸைத் துணியில சுத்தி விட்டு விட்டு வைங்க. கால் தரையில படக் கூடாது. வேற வலி மாத்திரை எதுவும் கொடுத்துடாதீங்க. வண்டி வெச்சு இப்பவே கூட்டிட்டு வந்துடுங்க, டாக்டர் பார்க்கட்டும்" என்றாள். வண்டிக்காகக் கடை முதலாளியைக் கூப்பிட்டதும், அவரே தன் காரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கடையை அடைத்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்த முக்கால் மணி நேரம்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் கிடைத்தது. அம்மா ஐஸ் எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தாள். துரையை இருவருமாகத் தாங்கிக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள், காலுக்குக் கீழே இரண்டு தலையணை. வாலு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் பஸ் போயிடும்டி."

"போகட்டும்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "ரிசல்ட் சனிக்கிழமையே வந்துடுச்சுண்ணா. எனக்கும் இருக்கு."

துரைக்கு முழங்கால் ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"பையனா பொண்ணான்னு இன்னும் தெரியாது. பையனா இருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பாம். வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட பதில் சொல்லணும். மேற்கொண்டு டெஸ்ட் பண்றதா, வர்றது வரட்டும்னு விடறதா, இல்ல..." முடிக்காமல் விட்டாள். "அதுக்குத்தான் உன்னைப் பார்க்க வந்தேன். சின்ன வயசுல உனக்கு விருந்தாளி வந்தாலே அம்மா என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பிடுவா. நான் நிஜமா எதையும் பார்த்ததே இல்ல. ஒரு நாளாவது கூட இருந்து பார்க்கணும்னு வந்தா, நீ எனக்குக் கண்ணாடி போட்டு விட்டுக்கிட்டிருக்கே."

"நீ பயந்துடுவேன்னு நினைச்சேன்."

"வலியைப் பார்த்து நான் பயப்படலண்ணா. இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு எங்கிட்ட வாத்தியார் கதை சொல்லிட்டு வந்தியே, அதுதான் பயமா இருக்கு. என் பிள்ளையும் நாளைக்கு எங்கிட்ட இப்படிச் சிரிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் அழுதாள். துரைக்கும் அடக்க முடியவில்லை. கையை நீட்டி அவள் தலையில் வைத்தான். முழங்கை நீண்ட மட்டும்தான் எட்டியது.

"சொல்லு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப எப்படி வலிக்குது?"

யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. யாரு வந்திருக்கா என்றுதான் கேட்பார்கள். கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "மூடி இறுக்கின பாட்டிலுக்குள்ள யாரோ மேல மேல தண்ணி அடைக்கற மாதிரி. உடைஞ்சாவது போகட்டும்னு தோணும். உடையாது. எப்படி வெச்சாலும் அந்தக் காலை வைக்க இடமே இருக்காது."

வாலு கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்க வந்ததைக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாதே. நீ பொறந்திருக்க வேண்டாம்னு உனக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

"இன்னைக்குக் கேக்காதேடி. வலி குறையட்டும், அப்புறம் கேளு."

"வலி இருக்கும்போதுதான் கேக்கணும்."

துரை கூரையைப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு நல்ல பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது. இன்று அது வாயில் வரவில்லை.

"தோணியிருக்கு" என்றான். "ஒவ்வொரு தடவையும் தோணும். அம்மா ஊசி போடும்போது அவ முகத்தைப் பார்ப்பேன். இவ என்னைப் பெறாமலே இருந்திருக்கலாமேன்னு இருக்கும். அவளாவது நிம்மதியா இருந்திருப்பாளே. அப்புறம் ரெண்டு நாள்ல வலி இறங்கிடும். கடைக்குப் போவேன். யாராவது ஒருத்தர் புதுக் கண்ணாடியைப் போட்டுட்டு எதிர்க்கடை போர்டை எழுத்தெழுத்தாப் படிப்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போயிடும்."

"அப்போ வெள்ளிக்கிழமை கேட்டா, தோணவே இல்லைன்னு சொல்லுவே."

"ஆமா. அதுவும் பொய் இல்லடி."

"இதுல எதை நான் எடுத்துக்கறது?"

"தெரியலடி. சத்தியமாத் தெரியல."

அப்போதுதான் துரை தலையைத் திருப்பினான். வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள், ஐஸ் சுற்றிய துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"எப்பம்மா வந்தே?"

"இப்பத்தான்டா வரேன்."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "சில்லுனு இருக்கும், பொறுத்துக்கோ" என்று துண்டை மகன் முழங்கால்மேல் பதமாக வைத்து அழுத்தினாள். துண்டிலிருந்து தண்ணீர் இறங்கித் தலையணையை நனைத்தது. உள்ளே ஒரு ஐஸ் துண்டுகூட மிச்சமில்லை.